முன்பே வளைந்த கால் முறிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கோணலாக ஆறிய கால்கள் நிறைய உண்டு. ஷெல் காயத்தோடு பொருந்தியவை, இடம்பெயர்ந்த காலத்தில் சரியான சிகிச்சை கிடைக்காமல் திரும்பி ஒட்டியவை, போலியோவால் மெலிந்தவை, மூட்டுத் தேய்ந்து வில்லாக வளைந்தவை எனப் பலவகை. அப்படியொரு கால் மறுபடி முறியும்போது நோயாளியும் வீட்டாரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சத்திரசிகிச்சைக்குப் பின் இவர்களை நடக்கப் பழக்கும் இயன்மருத்துவராக, கட்டிலருகில் நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் எக்ஸ்றேயைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர். அவரிடம் எதைக் கேட்பது, எதைக் கட்டாயம் சொல்வது என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இந்தப் பக்கம்.

கால் முறிவு என்றால் எல்லாம் ஒன்றுதானே? முன்பே வளைந்த கால் என்பதால் என்ன வித்தியாசம்?

நேரான எலும்பு முறிந்தால் இருந்தபடி பொருத்திவிடலாம். வளைந்த எலும்பிலோ, இருந்தபடியே பொருத்துவதா வேண்டாமா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். உள்ளே செலுத்தும் கம்பியும் மேலே வைக்கும் தகடும் இயல்பான எலும்பின் வடிவத்துக்கு அமைக்கப்பட்டவை. பழைய முறிவு ஆறிய இடத்தில் எலும்பு தடித்து இறுகி, நடுக்குழி அடைபட்டிருக்கும். அதற்கு மேலும் கீழும் பாவனை குறைந்து மெலிந்திருக்கும். ஒரே எலும்பில் ஓரிடம் துளைக்க முடியாத கடினம், இன்னோரிடம் திருகாணி பிடிக்காத மென்மை.

அடுத்தது பாரம். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தால், இயல்பான காலில் அது முழங்காலின் நடுவை ஒட்டிச் செல்லும். வளைந்த காலில் அந்தக் கோடு விலகிப் போகிறது. அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் வளைவின் உச்சியில் எலும்பு ஒரு பக்கம் இழுபடுகிறது. பலருக்கு முறிவு வந்ததற்கே இதுதான் காரணம். அந்த இழுப்பை அப்படியே விட்டுவிட்டு முறிவை மட்டும் பொருத்தினால், எலும்பு ஒட்டுவதற்கு முன்பே தகடு உடையக்கூடும்.

எக்ஸ்றேயில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகளாக அந்த வளைவோடு நடந்து, உங்கள் இடுப்பும் முதுகும் மற்றக் காலும் அதற்கேற்பப் பழகிவிட்டன. முறிவதற்கு முன் நீங்கள் எப்படி நடந்தீர்கள் என்பதை நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பும்.

நெடுந்தீவில் இருக்கிறோம். அப்பா விழுந்துவிட்டார். கால் முன்பே கோணல் என்பதால் முறிந்ததா என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

எது பழைய கோணல், எது இன்று வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டார்தான். காலில் பாரம் வைக்க முடியாமை, புதிய வீக்கம், ஓரிடத்தில் தொட்டால் கடுமையான நோவு, முன்பு அசையாத இடத்தில் அசைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காலை இழுத்து நேராக்க வேண்டாம். கிடக்கும் வடிவிலேயே தலையணையோ மடித்த சாரமோ அணைகொடுத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டுங்கள். தீவின் வைத்தியசாலைக்கு முதலில் கொண்டுபோனால் குறிகட்டுவானுக்குப் படகில் அனுப்புவதை அவர்கள் ஒழுங்குசெய்வார்கள். படகு ஆடும்போது கட்டு இளகினால் நோவும் இரத்தக்கசிவும் கூடும் என்பதால், ஏற்றுவதற்கு முன் கட்டை ஒருமுறை பாருங்கள். தரைவழியில் இருப்பவர்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வருபவர்களிடம் "இந்த வளைவு பழையது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் அதையும் இன்றைய முறிவு என்று எண்ணக்கூடும்.

தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடுவது போதும். எண்ணெய், மஞ்சள், கோப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். திறந்த முறிவுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு மணித்தியாலத்துக்குள் கிடைத்தால் மிக நல்லது. கால்விரல்கள் வெளிறிக் குளிர்ந்தாலோ உணர்வு குறைந்தாலோ அது அவசரத்திலும் அவசரம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பாடோ தேநீரோ கொடுக்காதீர்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டினால் ஒட்டாதா? அப்பப்பாவுக்கு அப்படித்தான் ஒட்டியது.

ஒட்டும். எலும்பு தானாக ஒட்டும் இயல்புடையது. எந்த நிலையில் ஒட்டுகிறது என்பதில்தான் பிரச்சினை. கைதேர்ந்த முறிவு நெரிவு வைத்தியர் நேரான எலும்பைத் தடவிப் பார்த்து ஓரளவுக்கு நிலைப்படுத்திவிடுவார். முன்பே திரும்பியிருக்கும் எலும்பில் கைக்கு எட்டும் அடையாளங்கள் எல்லாம் இடம் மாறியிருக்கின்றன. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அங்கே விரல்களை மட்டும் நம்ப முடியாது. நடக்கப் பழக வருபவர்களின் கோணல்களில் பல, முந்தைய முறிவை எக்ஸ்றே எடுக்காமல் கட்டியதால் வந்தவை.

இன்னொரு ஆபத்து இறுக்கம். முறிந்த காலுக்குள் வீக்கம் கூடும்போது வெளியே இறுக்கமான கட்டு இருந்தால் தசைக்கு இரத்தம் போகாது. சில மணித்தியாலங்களில் தசை இறக்கத் தொடங்கும். கட்டிய பின் நோவு குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரலை மெல்ல மேலே நிமிர்த்தும்போது உயிர்போவது போல வலித்தால், நள்ளிரவானாலும் கட்டை அவிழ்த்து வைத்தியசாலைக்கு வாருங்கள். பிளாஸ்டர் கட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முறிவு இல்லை என்று எக்ஸ்றேயில் தெரியும்வரை எண்ணெய் போட்டு உருவவே கூடாது.

பிளாஸ்டர் போட்டுப் படுக்கவைத்தால் போதாதா? எழுபது வயதில் ஒப்பரேஷன் வேண்டுமா?

விலகாத முறிவுக்கும், மயக்கமருந்தைத் தாங்க முடியாத உடல்நிலைக்கும், சில சிறுபிள்ளைகளின் முறிவுக்கும் பிளாஸ்டர் போதும். மற்றப்படி, வளைந்த எலும்பில் தசைகள் சமமின்றி இழுப்பதால் பிளாஸ்டருக்குள்ளேயே முறிவு நழுவும். வயதானவர் தொடை முறிவோடு வாரக்கணக்கில் படுத்தால் நுரையீரலில் சளி கட்டும், காலின் நாளங்களில் இரத்தம் உறையும், முதுகில் படுக்கைப்புண் வரும். எழுபது வயது என்பதே அவரை விரைவாக எழுப்பி உட்காரவைக்க வேண்டும் என்பதற்கான காரணம். பெரும்பாலும் முதுகில் ஊசிபோட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தே செய்துவிடலாம்.

முறிந்தது ஒரு கால். நல்ல காலையும் ஏன் எக்ஸ்றே எடுக்கிறார்கள்?

உங்கள் இயல்பான நீளமும் வடிவமும் எவை என்பதற்கு நல்ல கால்தான் அளவுகோல். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை முழுக் காலும் ஒரே படத்தில் தெரிந்தால்தான் முதல் பதிலில் சொன்ன பாரக்கோட்டை இழுத்துப் பார்க்க முடியும். அந்தப் படத்தை நின்றபடி எடுப்பதே வழக்கம். முறிந்த காலில் நிற்க முடியாததால், அந்தக் காலைப் படுத்தபடியும் நல்ல காலைத் தனியாகவும் எடுப்பார்கள். எலும்பு முறுக்கிக்கொண்டு ஒட்டியிருந்தால் சாதாரண எக்ஸ்றே போதாது, சீ.ரீ. ஸ்கான் வேண்டும். பழைய எக்ஸ்றே படங்கள் அலுமாரியில் இருந்தால் எத்தனை ஆண்டு பழையதானாலும் கொண்டுவாருங்கள். முறிவதற்கு முந்தைய படம் ஒன்று கிடைத்தால் சத்திரசிகிச்சைத் திட்டத்துக்கு அது பேருதவி.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் எங்காவது ஷெல் துண்டு இருப்பதைச் சொல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள். இரும்புத் துண்டாக இருந்தால் அந்தக் காந்தப்புலத்தில் அது நகரவும் சூடேறவும் கூடும். கண்ணுக்கும் முள்ளந்தண்டுக்கும் அருகில் இருப்பவை மிக ஆபத்தானவை. "இருபது வருடமாக ஒன்றும் செய்யவில்லை" என்று எண்ணிப் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எலும்பில் மருத்துவர்கள் வைத்த தகடும் கம்பியும் வேறு உலோகம். அவை பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.க்குத் தடையாவதில்லை, படத்தைச் சற்றுக் கலங்கச் செய்யும். ஆனாலும் அவற்றையும் சொல்லுங்கள்.

பக்கத்துக் கட்டில்காரருக்குக் கம்பி வைத்து மூன்றாம் நாள் நடக்கவைத்தார்கள். எனக்கு ஏன் தகடு என்கிறார்கள், அல்லது வளையம் என்கிறார்கள்?

எலும்பின் நடுக்குழிக்குள் செலுத்தும் கம்பியை 1940இல் ஜெர்மன் மருத்துவர் குன்ச்சர் வெளியிட்டார். நடுவில் இருந்தபடி பாரத்தைத் தாங்குவதால் தொடை எலும்பு, கணைக்காலெலும்பு இரண்டின் நடுப்பகுதி முறிவுக்கும் அதுவே இன்று முதல் தெரிவு. பக்கத்துக் கட்டில்காரர் விரைவில் நடந்தது அதனால்தான். உங்கள் எலும்பில் அதைச் செலுத்துவது, வளைந்த குழாய்க்குள் நேர்க்கம்பியை அடிப்பது போன்றது. ஒன்றில் கம்பி நடுவழியில் சிக்கும், அல்லது எலும்பின் முன்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அல்லது எலும்பே இன்னோரிடத்தில் வெடிக்கும். அப்படியும் கம்பிதான் நல்லது என்று நிபுணர் கருதினால், வளைவின் உச்சியில் எலும்பை அறுத்து நேராக்கிவிட்டுச் செலுத்துவார். சிலருக்கு இரண்டு இடங்களில் அறுக்க வேண்டியிருக்கும்.

தகடு எலும்பின் மேல் அமர்வதால் நடுக்குழி அடைபட்டிருப்பது அதற்குத் தடையில்லை. திருகாணியின் தலை தகட்டோடு பூட்டிக்கொள்ளும் வகை மெலிந்த எலும்பையும் பிடிக்கும். தகடு எலும்பின் ஒரு பக்கத்தில் இருப்பதால் பாரம் வைப்பதற்குப் பல வாரங்கள் பொறுக்க வேண்டியிருக்கும். வளையச் சட்டகம், காலைச் சுற்றி வளையங்களை வைத்து, ஊசிக்கம்பிகளால் எலும்பை வெளியிலிருந்து பிடிப்பது. தோல் நல்ல நிலையில் இல்லாதபோதும், உள்ளே கிருமி இருக்கும் சந்தேகத்திலும், வளைவைச் சிறிதுசிறிதாக நிமிர்த்த வேண்டியபோதும் அதற்கு ஈடு இல்லை. மூன்றில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. "என் எலும்பில் கம்பி ஏன் போகாது என்று படத்தில் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். திட்டம் போட்டுவைத்திருக்கும் நிபுணர் அதை மகிழ்ச்சியோடு காட்டுவார்.

எப்படியும் கத்தி வைக்கப்போகிறார்கள். இதோடு பழைய வளைவையும் நேராக்கிவிடலாமே?

எல்லாரும் கேட்கும் கேள்வி. நியாயமான ஆசையும்கூட. முறிவு வளைவிலேயே அல்லது அதை ஒட்டி இருந்தால், அந்த வளைவுதான் முறிவுக்குக் காரணம் என்றால், நேராக்காமல் உள்ளே எதையும் வைக்க முடியாது என்றால், ஒரே தடவையில் இரண்டையும் செய்வதே நல்லது. இல்லாவிட்டால் அதே இடம் மறுபடி முறியும்.

செய்யக்கூடாத நிலைகளும் உண்டு. கால் வீங்கித் தோல் கொப்புளித்திருக்கும்போது பெரிய வெட்டு ஆறாது. முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்து கீழ்க்கால் வெளிப்பக்கமாக நீண்டகாலம் விலகியிருந்த காலை ஒரே நாளில் நிமிர்த்தினால், முழங்காலின் வெளிப்புறம் ஓடும் நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கிவிடக்கூடும். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு இரண்டு மணித்தியாலச் சிகிச்சையை ஐந்து மணித்தியாலமாக நீட்டுவது ஆபத்து. அப்போது இன்று முறிவைப் பிடித்துவைத்து, மாதங்கள் கழித்து வளைவைப் பார்ப்பார்கள். முறிவு தொடையிலும் பழைய கோணல் கணுக்காலுக்கு மேலும் இருந்து, அந்தக் கோணலால் இவ்வளவு காலமும் தொந்தரவே இல்லை என்றால், அதைத் தொடாமல் விடுவதே என் விருப்பம்.

வளைவை எப்படி நிமிர்த்துகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பு வடிவில் எலும்பை எடுத்து மூடினால் விரைவில் ஒட்டும், கால் சற்றுக் குட்டையாகும். திறந்து இடைவெளியில் எலும்புத்துண்டு வைத்தால் நீளம் கிடைக்கும், ஒட்ட நாளாகும்.

எனக்குச் சிறுவயதில் போலியோ. மெலிந்த காலின் தொடை முழங்காலுக்கு மேலே முறிந்துவிட்டது. நேராக்கித் தருகிறோம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் மற்ற எதையும்விட அதிக நேரம் எடுப்பேன். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். ஆகவே இன்று போலியோக் காலோடு இருப்பவர்கள் எல்லாரும் முப்பதைக் கடந்தவர்கள், பலர் ஐம்பது அறுபதைக் கடந்தவர்கள். சிறுவயதிலிருந்தே நலிந்த எலும்பு, இப்போது வயதாலும் நலிகிறது. இளைய மருத்துவர்கள் இப்படியான கால்களை அடிக்கடி பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் கால் எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்களே விளக்க வேண்டும்.

தொடையின் முன்பக்கத் தசை செயலிழந்தவருக்கு முழங்காலை நிமிர்த்திப் பூட்டிவைக்கப் பலம் கிடையாது. பலர் முழங்காலைச் சற்றுப் பின்னால் வளையவிட்டு, உடம்பை முன்னே சாய்த்து, அந்தப் பாரத்தாலேயே அதைப் பூட்டிக்கொள்கிறார்கள். சிலர் தொடையில் கையை ஊன்றித் தள்ளுகிறார்கள். குதிக்கால் சற்று உயர்ந்து நிற்பதும் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி உதவுகிறது, காலின் குட்டையையும் ஈடுசெய்கிறது. பார்ப்பவருக்கு இவை கோணல்கள். உங்களுக்கு இவை தசைக்குப் பதிலாக நின்று தாங்கும் ஏற்பாடு. முறிவைப் பொருத்தும்போது முழங்கால் சில பாகை முன்னே மடிந்த நிலையில் ஒட்டிவிட்டால், எக்ஸ்றே அழகாக இருக்கும், நீங்கள் நிற்கும்போது கால் மடங்கி விழுவீர்கள். குதிக்காலைத் தரையில் பதியவைக்கிறோம் என்று பின்தசைநாரை நீட்டினாலும் இதே கதிதான்.

ஆகவே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் சொல்லுங்கள்: கை ஊன்றி நடந்தேனா, காலைத் தாங்கும் சட்டமான கலிப்பர் போட்டேனா, படியேறும்போது எந்தக் காலை முதலில் வைப்பேன், எவ்வளவு தூரம் நடப்பேன். திருமண வீட்டிலோ கோயிலிலோ எடுத்த வீடியோவில் நீங்கள் நடப்பது பதிவாகியிருந்தால் அதைக் காட்டுங்கள். "முன்பு நடந்ததுபோல நடந்தால் போதும்" என்று கேட்பது குறைந்த ஆசை என்று நினைக்காதீர்கள். சத்திரசிகிச்சையில் அதைச் சாதிப்பதே கடினமான வேலை.

இந்த எலும்பின் நடுக்குழி ஒடுங்கியது. மிக மெல்லிய கம்பி கையிருப்பில் உண்டா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அது இல்லாதபோது நீளமான பூட்டுத்தகடு உதவும். இடுப்பும் முழங்காலும் இறுகியிருந்தால், சத்திரசிகிச்சை மேசையில் காலை இழுத்து வைப்பதிலேயே இன்னொரு முறிவு வரலாம் என்பதால் அதையும் சொல்லிவையுங்கள். பின்பு நெடுநாள் பிளாஸ்டரில் கிடப்பது கூடாது. எஞ்சியிருக்கும் தசை சில வாரங்களில் கரைந்துவிடும், திரும்பப் பெறுவது அரிது. வீடு திரும்பும் முன் கலிப்பரைப் புதிய அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஷெல் பட்ட கால். அப்போது பல வருடம் சீழ் வடிந்து நின்றது. இப்போது அதே இடத்தில் முறிந்திருக்கிறது. பழைய கதையைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். எலும்புக்குள் போன கிருமி பத்து இருபது ஆண்டுகள் அடங்கிக் கிடந்து மறுபடி கிளம்பும். அது தெரியாமல் உள்ளே கம்பி வைத்தால் ஓரிடத்துக் கிருமி எலும்பின் முழு நீளத்துக்கும் பரவலாம். இரத்தப் பரிசோதனையில் அழற்சிக் குறிகளைப் பார்ப்பார்கள். ஆனால் அவை இயல்பாக இருந்தாலும் கிருமி இல்லை என்று உறுதியாகாது. சத்திரசிகிச்சையின்போது பல இடங்களில் எலும்புத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பதே சரியான வழி. பாமசியில் நீங்களாக வாங்கிய நுண்ணுயிர்கொல்லியை விழுங்கியிருந்தால் அந்தச் சோதனையில் கிருமி பிடிபடாமல் போகும். என்ன மாத்திரை, எப்போது எடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

வடு எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் தோலுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அங்கே வெட்டினால் ஆறாமல் எலும்பு வெளியே தெரியக்கூடும். அதனால் வெட்டை வேறு பக்கத்துக்கு மாற்றுவார்கள், அல்லது பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரைச் சேர்த்துக்கொண்டு தசையும் தோலும் கொண்டு மூடுவார்கள். இந்த வகைக் காலுக்கு வளையச் சட்டகம் அடிக்கடி பரிந்துரைக்கப்படுவது இதனால்தான்.

அந்த வளையச் சட்டகத்தை எத்தனை காலம் சுமக்க வேண்டும்? பார்க்கவே பயமாக இருக்கிறது.

சைபீரியாவின் குர்கான் பகுதியில் 1950களில் மருத்துவர் இலிசாரோவ் இதை உருவாக்கினார். உலகப் போரிலிருந்து ஒட்டாத கால்களோடு திரும்பியவர்களே அவருடைய தொடக்ககால நோயாளிகளில் பலர். எங்கள் ஊரின் கால்களுக்கு இது பொருந்துவதில் வியப்பில்லை. எலும்பை மெல்ல அறுத்து, சில நாட்கள் விட்டு, பின்பு ஒரு நாளைக்கு 1 மில்லிமீற்றர் வீதம், அதையும் 0.25 மில்லிமீற்றராக நான்கு தடவை திருகி விலக்கினால், இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. வளைவும் அதே வேகத்தில் நிமிர்வதால் நரம்புக்கும் தோலுக்கும் பழக நேரம் கிடைக்கிறது.

நீட்டும் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம்வரை சட்டகம் இருக்க வேண்டும். 4 சென்ரிமீற்றர் என்றால் ஆறு மாதம் என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். சட்டகத்தோடு நடக்கலாம், பெரும்பாலும் நடக்கவே சொல்வார்கள். ஊசிக்கம்பி தோலுக்குள் போகும் இடங்களைச் சொல்லித்தந்தபடி சுத்தம் செய்ய வேண்டும். கிணற்று நீரை நேரடியாக ஊற்றாதீர்கள், கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள். சிவந்து நீர் வடிவது பலருக்கும் வரும், மருந்தில் அடங்கும். தாமதிக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். திருகும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு தடவையும் கொப்பியில் குறித்துவையுங்கள்.

முந்தைய ஒப்பரேஷனில் வைத்த தகடு இன்னும் உள்ளே இருக்கிறது. அதன் முனையில் முறிந்திருக்கிறது. அதைக் கழற்றுவார்களா?

தகடு முடியும் இடத்தில் எலும்பு முறிவது அடிக்கடி நடப்பது. இறுகிய பகுதியும் இறுகாத பகுதியும் சந்திக்கும் எல்லை அது. பழையது புதியதற்கு இடையூறு என்றால் கழற்றுவார்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு அதைத் தாண்டிப் போகும் நீண்ட ஒன்றை வைப்பார்கள். மீண்டும் ஒரு குட்டைத் தகடு வைத்தால் அடுத்த முறிவு அதன் முனையில் வரும்.

கழற்றுவதில் உள்ள சிக்கல் பலருக்குத் தெரியாது. திருகாணித் தலைகள் பல வகை. பொருத்தமான திருகி இல்லாமல் தொடங்கினால் தலை தேய்ந்து, எலும்பைக் குடைந்து எடுக்க வேண்டி வரும். அந்தச் சத்திரசிகிச்சை எந்த வைத்தியசாலையில், எந்த ஆண்டு நடந்தது, வெளிநாட்டு மருத்துவர் குழு செய்ததா என்று தெரிந்தால் தேடுவது எளிது. டயக்னோசிஸ் கார்டை எறிந்துவிடாதீர்கள்.

அம்மா விழவே இல்லை. முழங்கால் தேய்ந்து கால் வில்லாக வளைந்தவர். திடீரென்று எலும்பு வெடித்திருக்கிறது என்கிறார்கள். இது எப்படி?

இரண்டு வழிகளில் நடக்கிறது. வளைந்த முழங்காலுக்குக் கீழே கணைக்காலெலும்பின் உள்பக்கம் தொடர்ந்து பாரம் ஏறிக் களைத்து வெடிக்கலாம். மூட்டு நோவு கூடிவிட்டது என்று எண்ணி மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பார்கள். இவர்களில் பொருத்தமானவர்களுக்கு நீண்ட தண்டுள்ள செயற்கை மூட்டை வைத்து, தேய்ந்த மூட்டு, வளைவு, வெடிப்பு மூன்றையும் ஒரே சத்திரசிகிச்சையில் சரிசெய்ய முடியும்.

மற்றது தொடை எலும்பில் வருவது. எலும்பு மெலிவு நோய்க்கு அலெண்ட்ரோனேற் போன்ற மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு, தொடையின் வெளிப்புறச் சுவரில் வெடிப்புத் தொடங்குகிறது. இயல்பாகவே வளைவு கூடிய தொடை எலும்புக்கு இந்த அபாயம் அதிகம். வாரக்கணக்கில் தொடையிலோ கவட்டிலோ நோவு இருந்தால் அதுவே முன்னறிவிப்பு. ஒரு பக்கம் முறிந்திருந்தால் மற்றத் தொடையையும் எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கள், அங்கும் வெடிப்பு இருக்கக்கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பேசாமல் தொடரவும் வேண்டாம். கிளினிக்கில் கேளுங்கள்.

எங்கள் பிள்ளைக்கு ஒரே கால் திரும்பத் திரும்ப முறிகிறது. ஒவ்வொரு தடவையும் இன்னும் வளைகிறது. ஒவ்வொரு முறையும் பிளாஸ்டர்தானா?

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விற்றமின் டி அல்லது பொஸ்பேற் குறைபாடு என்றால், அதை மருந்தால் சரிசெய்யாமல் எலும்பை நேராக்கினால் திரும்ப வளையும். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் என்றால் வழி வேறு. வளைந்த எலும்பைப் பல துண்டுகளாக அறுத்து ஒரு கம்பியில் கோத்து நேராக்கும் முறையை சோஃபீல்ட், மில்லர் என்ற இருவர் 1959இல் வெளியிட்டார்கள். இன்று பிள்ளை வளரும்போது கூடவே நீளும் கம்பிகளும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்குத் தகட்டைத் தவிர்ப்பார்கள். காரணம், பழைய தகடு பற்றிய பதிலில் சொன்ன முனை முறிவு. நீண்டகாலப் பிளாஸ்டரும் எலும்பை இன்னும் மெலியவைக்கும். பிள்ளையை நிற்கவைத்து நடக்கவைப்பதே எலும்புக்கு மருந்து.

இப்படித் திரும்பத் திரும்ப முறியும் பிள்ளையின் பெற்றோரை அயலவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதுண்டு. நோயின் பெயரை எழுத்தில் வாங்கி வைத்திருங்கள், பாடசாலைக்கும் அது தேவைப்படும்.

மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்து செயற்கைக் கால் போடுகிறேன். அதே பக்கத் தொடை முறிந்துவிட்டது. இல்லாத காலுக்கு ஒப்பரேஷன் எதற்கு என்கிறார்கள் உறவினர்கள்.

அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். செயற்கைக் கால் பொருந்துவது தொடையின் நேரத்தன்மையில்தான் தங்கியிருக்கிறது. தொடை திரும்பி ஒட்டினால் எந்தக் காலும் சரியாக அமையாது, எஞ்சிய முனையில் புண் வரும். பாரம் குறைவாகப் போகும் பக்கம் என்பதால் எலும்பு மெலிந்திருக்கும், ஆகவே நன்றாகப் பிடிக்கும் கம்பியோ தகடோ வேண்டும். பாதம் இல்லாததால் மேசையில் காலை இழுத்துப் பிடிக்க வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும், அதை மருத்துவர் அறிவார். முறிவு ஆறும் வரையில் எஞ்சிய முனையின் பருமன் மாறிவிடும் என்பதால், யாழ்ப்பாணத்தில் உங்களுக்குக் கால் செய்துதந்த நிலையத்தில் புதிய அளவு எடுக்க முன்பதிவு செய்துவையுங்கள்.

எப்போது பழையபடி நடக்கலாம்? என்ன சாப்பிட வேண்டும்?

வளர்ந்தவரின் தொடை எலும்போ கணைக்காலெலும்போ ஒட்ட நான்கு முதல் ஆறு மாதம் என்பது வழக்கமான கணக்கு. பழைய வடு, மெலிந்த எலும்பு, கூடுதலாக அறுத்த இடம் எல்லாம் இருந்தால் இன்னும் நீளும். எவ்வளவு பாரம் எப்போது வைக்கலாம் என்பதைக் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கால் நேரானால் அதன் நீளமும் மாறியிருக்கும். பழைய உயரம் வைத்த செருப்பை அப்படியே போட்டால் இடுப்பு நோகும். 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட வித்தியாசத்தைச் செருப்பிலேயே சரிசெய்யலாம்.

மீன், முட்டை, பால், பருப்பு, கீரை எல்லாம் நல்லவை. புண்ணுக்கு ஆகாது என்று மீனையும் முட்டையையும் நிறுத்தும் பத்தியம் வேண்டாம், புரதம் இல்லாமல் எலும்பு ஒட்டாது. சுருட்டும் சிகரெட்டும் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்துகின்றன, இதில் எந்தச் சலுகையும் கிடையாது. சீனி வியாதிக்காரர் சீனியைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் மேலே சொன்ன எந்தத் திட்டமும் பலிக்காது.

செலவு எவ்வளவு வரும்? நகையை ஈடுவைக்கலாமா என்று யோசிக்கிறோம்.

பொறுங்கள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளுக்குப் போனவர்களையும் தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். வழமையில் இல்லாத நீளமோ வடிவமோ கொண்ட தகடு தேவைப்பட்டால், அது கையிருப்பில் உண்டா, வரவழைக்க எத்தனை நாள், வெளியே வாங்க வேண்டுமா என்று விடுதியில் நேரடியாகக் கேளுங்கள். வாங்க வேண்டியிருந்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றி உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நகை அடுத்த படி.

கனடாவில் இருக்கும் தம்பி, எக்ஸ்றேயை வட்ஸ்அப்பில் அனுப்பு, அங்கே ஒரு டொக்டரிடம் காட்டுகிறேன் என்கிறான். அனுப்பலாமா?

அனுப்பலாம். இரண்டாவது கருத்தைக் கேட்பது எந்த மருத்துவருக்கும் அவமதிப்பு அல்ல. ஆனால் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த ஒரு படத்தை வைத்து வரும் கருத்துக்கு அதிக பெறுமதி இல்லை. முழுக் காலும் தெரியும் படம், பக்கவாட்டுப் படம், நல்ல காலின் படம், ஸ்கான் எடுத்திருந்தால் அது பதிந்த இறுவட்டு (சீ.டீ.) ஆகியவற்றோடு, போலியோக் கேள்வியில் சொன்ன நடை வீடியோவும் அனுப்புங்கள். வயது, மற்ற நோய்கள், பழைய சீழ், உள்ளே இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இணையுங்கள்.

அங்கிருந்து வரும் பதிலை உங்கள் நிபுணரிடம் மறைக்காமல் காட்டுங்கள். அங்கே சொல்லும் கருவி இங்கே இல்லாமல் இருக்கலாம், இங்கே கையால் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரிந்த வடு அங்கே தெரியாமல் போயிருக்கலாம். பதிலுக்காகக் காத்திருப்பதானால் எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை முதலிலேயே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த முறிவும் இரத்த ஓட்டம் தடைபட்ட காலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதவை. மூடிய முறிவில், காலைச் சரியாக நிலைப்படுத்தி வைத்திருந்தால், நல்ல திட்டத்துக்காகச் சில நாட்கள் பொறுப்பதில் பெரும்பாலும் தீங்கு இல்லை.